பலகை இல்லாத இடம்

அன்று காலை கலைமதி வாசற்படியில் நின்று குதிகாலால் படியை ஒரு தட்டுத் தட்டினாள். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டாள். பிறகுதான் காலை வைத்து இறங்கினாள்.

பள்ளிக்கூடத்துச் சத்துணவு வேலைக்குக் கிளம்பத் தலைவாரிக்கொண்டிருந்த செவந்திக்குச் சிரிப்பு வந்தது.

"என்னடி, சிமெண்டுப் படியப் போயித் தட்டிப் பாக்குற? ஒங்கப்பா குவைத்துல கெடந்து சம்பாரிச்சுக் கட்டுனது. ஒன்னைய மாதிரி நாலு பேரத் தாங்கும்."

"பழகிருச்சும்மா. ஐஸ் கம்பெனில தட்டாம கால வச்சா இன்னாசியண்ணன் காதத் திருகிரும்."

"கரண்டு வேலை பழகப் போன புள்ளைக்குக் கால்ல என்னடி பாடம்?"

"கரண்டுப் பொட்டிகிட்டயே எங்கள விட மாட்டாங்க. சாருக்குப் போட்டோ எடுக்குறப்ப மட்டும் டெஸ்டரக் கையில குடுத்து நிக்க வைப்பாங்க. மத்த நேரமெல்லாம் பலகை மேலதான் ஓட்டம்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். இஸ்திரி போட்ட சீருடை, இறுக்கிப் பின்னிய சடை. செல்போனை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். "இன்னைக்குப் பெரிய ஆபீசருங்கள்லாம் வாராங்க. போனு வேணாம், நீயே வச்சுக்க. அப்பா கூப்புடும். வாரேன்."

தெருமுனைச் சாக்கடைக் கல்லையும் தட்டிவிட்டுத்தான் தாண்டினாள். செவந்தி அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

கலைமதி பிளஸ் டூவில் தொழிற்பிரிவு. மின் இயந்திரங்கள் பாடம். படித்ததைக் கையால் செய்து பழக வேண்டும் என்று உள்ளுறைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாட வாத்தியார் பழனிச்சாமிதான் இடம் பார்த்தார். அறந்தாங்கியிலிருந்து கடற்கரைக்குப் போகும் ரோட்டில், கருவேலங்காட்டுக்கு நடுவே, மீன் வண்டிகளுக்கு ஐஸ் பார் போட்டுக் கொடுக்கும் கம்பெனி. முதலாளி பெயர் ஆத்மநாதன். கம்ப்ரசர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, பேனல் போர்டு இருக்கிறது, பிள்ளைகள் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளும் என்று பெற்றோர் கூட்டத்தில் சார் சொன்னபோது செவந்தி பின்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். தன் மகள் மோட்டாரைப் பிரித்து மாட்டுவதை அப்போதே கண்ணால் பார்த்துவிட்டாள்.

அங்கே நடந்ததெல்லாம் சாப்பிடும்போது கலைமதி சொல்லிச் சொல்லித் தெரிந்ததுதான். கல்யாண மண்டபம் அகலத்துக்கு ஒரு தொட்டி. ஆள் முழுகும் ஆழத்துக்கு உப்புத் தண்ணீர். ஐஸைவிடக் குளிராக இருக்கும், ஆனால் உறையாது. அதற்குள் வரிசை வரிசையாகத் தகரக் கேன்களை இறக்கியிருப்பார்கள். கேனுக்குள் ஊற்றும் நல்ல தண்ணீர்தான் உறைந்து ஐஸ் பாராகும். ஒவ்வொரு கேனின் வாய்க்கும் ஒரு மரப்பலகை மூடி. அந்த மூடிகளின் மேல்தான் நடமாட்டம். மூடிகள்தான் அந்த இடத்துக்குத் தரை. ஓட்டை விழுந்த கேனை வெல்டிங்குக்குக் கழற்றிய இடத்தில் பலகைக்குக் கீழே வெறும் தண்ணீர் இருக்கும். அதனால்தான் தட்ட வேண்டும். கீழே கேன் இருந்தால் சத்தம் கெட்டியாகத் திரும்பி வரும். இல்லாவிட்டால் உள்ளே போய்த் தொலைந்துவிடும். அந்தத் தொட்டியில் வேலை செய்கிற அத்தனை பேரும் காலால் தட்டிக் காதால் கேட்டுத்தான் அடி எடுத்து வைப்பார்கள்.

கேன் தூக்குவதும் தண்ணீர் ஊற்றுவதும் கூலிக்கு ஆள் வைத்துச் செய்யவேண்டிய வேலை. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் செய்தார்கள்.

அன்று பயிற்சியைப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள் என்று ஆத்மநாதன் விசேஷ வீடுகளில் விரிக்கும் பச்சைக் கம்பளத்தை வரவழைத்தார். கறுத்து, உப்புப் பூத்து, ஓரம் பிய்ந்த பலகைகள் போட்டோவில் விழக்கூடாது. கம்பளம் தொட்டியை முழுக்க மூடியது. அதற்கடியில் ஓரிடத்தில் பக்கத்துப் பக்கத்துக் கேன்கள் இரண்டும் கழற்றப்பட்டிருந்தன. ஒரு வாய்க்குப் பலகை இருந்தது. அடுத்த வாய்க்குப் பலகை உடைந்துபோய் வெறும் சாக்கை விரித்திருந்தார்கள்.

கம்பளத்தின் மேல் எங்கே தட்டினாலும் ஒரே சத்தம்தான். மொத்தையான, எதையும் சொல்லாத சத்தம்.

வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்கு டீயும் போண்டாவும் சாப்பிடப் போனார்கள். கம்பளத்தில் விழுந்த மடிப்பை நீவிவிட்டு வரச் சொல்லிக் கலைமதியை மட்டும் நிறுத்தினார்கள். யார் சொன்னார்கள் என்பதை இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. ஐஸ் பாரை வண்டியில் ஏற்றிவிட்டு வந்த தொட்டி வேலையாள் இன்னாசி, கம்பளம் ஓரிடத்தில் குழிந்து கிடந்ததைப் பார்த்துத்தான் கத்தினார். விழுந்த வாயில் அவள் இல்லை. பக்கத்துப் பலகையைத் தூக்கியபோது அதற்கடியில் இருந்தாள். இரண்டு கைகளும் தலைக்கு மேலே. உள்ளங்கைகள் விரிந்து, பலகையைக் கீழிருந்து தாங்குவதுபோல. வலது கை விரல் முட்டிகளில் தோல் இல்லை.

அவள் கீழிருந்து தட்டியிருக்கிறாள். மேலே கம்பளம் இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அந்தக் கைகள் இறங்கவில்லை. குளிர் விட்டால் இறங்கிவிடும் என்றார்கள். வெயில் ஏறியது, கூட்டம் ஏறியது, கைகள் அப்படியே மேலே இருந்தன. வேட்டியைப் போட்டு மூடினால் கூடாரம்போல நின்றது. அந்த நேரத்தில் ஒரு வேன் வந்து நின்று, பிணம் வைக்கும் ஐஸ் பெட்டியை இறக்கியது. முதலாளி அனுப்பியது, வாடகை வேண்டாம் என்றான் டிரைவர்.

"எடுத்துட்டுப் போங்கடா!" செவந்தியின் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்டது. "ஐஸ்ல வச்சுக் கொன்னது பத்தாதா ஒங்களுக்கு?"

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பேனல் போர்டுக்கு முன்னால் டெஸ்டரோடு சிரிக்கும் கலைமதி. அதற்குக் கீழே அவள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் ஆத்மநாதன் பெயர்.

அவரும் வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, குவைத்திலிருந்து அன்று காலைதான் வந்திறங்கிய செவந்தியின் கணவர் நாகராசுவின் தோளைத் தொட்டார். "என்னத்தச் சொல்ல. கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம். போனப் பாத்துக்கிட்டே நடந்துச்சாம்."

"போனு எங்கிட்ட இருந்துச்சுங்க" என்றாள் செவந்தி.

அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"எம்மக தட்டாம கால வச்சிருக்க மாட்டா. அத மட்டும் சொல்லுங்க. தட்டித்தான் வச்சான்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அவர் சொல்லவில்லை. விசாரித்தவர்களும் எழுதவில்லை. கவனக்குறைவு என்று ஊர் பேசியது. கேட்ட ஒவ்வொருவரிடமும் செவந்தி அந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். எம்மக தட்டித்தான் வச்சா. ஆமாம் ஆமாம் என்றார்கள், பைத்தியத்திடம் சொல்வதுபோல.

கருமாதி முடிந்து நாகராசு குவைத்துக்குத் திரும்பினார். வீட்டில் அவள் மட்டும்.

முதலில் அது ஒரு நடுப்பகலில் கேட்டது. வெளியே வெயில் தகரம்போலக் காய்ந்துகொண்டிருந்தது, பக்கத்து வீட்டு டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள், அவள் தண்ணீர் குடிக்கக் கூடத்திலிருந்து அடுப்படிக்கு நடந்தாள், அப்போது தரைக்குக் கீழிருந்து ஒரு தட்டு வந்தது, கதவைத் தட்டுவதுபோல ஓங்கியல்ல, விரலை மடக்கி ஒருமுறை, மெதுவாக. எலி என்று நினைத்தாள். பூமி காய்ந்து வெடிக்கிறது என்றும் நினைத்தாள். அடுத்த அடி வைத்தாள். அதற்கு முன் இன்னொரு தட்டு.

மறுநாளும் கேட்டது. அடுப்படியில் கேட்டது, கொல்லைக் கதவுக்குப் போகையில் கேட்டது. சத்தம் எப்போதும் அவள் காலுக்கு ஒரு நொடி முந்தியது. அவள் எங்கே காலை வைக்கப்போகிறாளோ அங்கே. நின்றால் நின்றது. காலைத் தூக்கினால், கால் இறங்கப்போகும் இடத்தில் ஒரு தட்டு. அவள் காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, மனதை மாற்றி, வலப்பக்கம் நகர்த்தினாள். வலப்பக்கம் ஒரு தட்டு.

கலைமதியா என்று கேட்க வாய் வந்தது. கேட்கப் பயமாக இருந்தது. மகள்தான் என்றால் அழலாம். ஆனால் அந்தத் தட்டில் மகள் இல்லை, வேலைதான் இருந்தது. அலுக்காமல், பிசகாமல், யாரோ ஏவியதைச் செய்கிற கையின் சத்தம். கட்டிலில் கால்களை மேலே மடக்கி வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். எழுந்து விளக்குப் போடக்கூட இறங்கவில்லை.

அப்புறம் தரையில் உப்புப் பூத்தது. அவள் நடக்கும் தடத்தில் மட்டும், வெள்ளையாக, உள்ளங்கை அகலத்துக்கு. துடைத்தால் மறுபடி பூத்தது. மூக்கைக் குத்தி நெற்றிக்கு ஏறும் ஒரு வாடையும் வந்தது. பயிற்சி முடிந்து வரும் கலைமதியின் சீருடையில் அடித்த அதே ஐஸ் கம்பெனி கேஸ் வாடை.

ஒரு நாள் நாகராசு போனில் பேசிக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார். "யாரு புள்ள தட்டுறா?"

"யாருமில்லங்க."

"இல்ல புள்ள, நீ நடக்க நடக்கக் கேக்குது."

அவள் நின்றாள்.

"இப்பக் கேக்கல" என்றார் அவர். பிறகு அவர் சம்பந்தமில்லாமல், சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் அடுத்த அணியைப் பயிற்சிக்கு அனுப்பும் பேச்சு அடிபட்டது. செவந்தி சாம்பார் வாளியை அப்படியே வைத்துவிட்டு ஆசிரியர் அறை வாசலில் போய் நின்றாள்.

"சார், திரும்பவும் அங்கிட்டா அனுப்புறீங்க?"

பழனிச்சாமி சார் எழுந்து வெளியே வந்தார். கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "வேற யாரும்மா எடுத்துக்கிறாங்க? ஒர்க்‌ஷாப்ல பொம்பளப் புள்ளைங்க வேணாங்கிறான். பயிற்சிக்கு மார்க் இருக்கு. போகாட்டி இதுங்க அத்தனையும் பெயிலு. எல்லாத்தையும் சரிபண்ணிட்டேன்னு முதலாளி சொல்லிட்டாரு."

"நீங்க போயிப் பாத்தீங்களா?"

"போட்டோ அனுப்பிருக்காரு பாருங்க."

செல்போனை நீட்டினார். படத்தில் பச்சைக் கம்பளம். மடிப்பே இல்லை.

அணியில் வைஷ்ணவியும் இருந்தாள், பின்தெருப் பெண். கலைமதியோடு ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வந்தவள். செவந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போகாத ஆத்தா."

"மார்க்கு போயிரும் அத்த." அவள் தரையைப் பார்த்தாள். "பயப்படாதீங்க. நான் தட்டிட்டுத்தான் நடப்பேன்."

செவந்தி அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

பயிற்சி தொடங்கும் அன்று அவளும் பஸ் ஏறினாள். கம்பெனி வாசலில் அதிகாரிகளின் ஜீப் நின்றது. இன்னாசி அவளைக் கண்டதும் தலைத் துண்டை அவிழ்த்தார்.

"நீங்க இங்கிட்டு வரக்கூடாது தங்கச்சி."

"அந்த எடத்துக்குப் பலகை போட்டாச்சா அண்ணே?"

அவர் துண்டை முறுக்கினார். "மொதலாளி ஆசாரிகிட்டச் சொல்றேன்னாரு. சீசன் முடியட்டும்னுட்டாரு."

"அப்ப என்ன போட்டிருக்கு?"

"சாக்கு. அதுக்கு மேல கம்பளம். நாங்க யாரும் அங்கிட்டுப் போறதில்ல." குரல் தணிந்தது. "அங்க சத்தம் வருது தங்கச்சி. வேலைய விட்டுரலாம்னா பொழப்பு விட மாட்டேங்குது."

அவள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

வெளியே கொதிக்கிற வெயில், உள்ளே காலையிலிருந்து வெளிச்சமே படாததுபோல ஒரு நீல இருட்டு. கம்ப்ரசரின் உறுமல் சுவரிலிருந்து பல்லுக்கு ஏறியது. மூச்சு புகையாக வந்தது. அந்த வாடை கண்ணைக் கரித்தது. தொட்டியின் ஓரத்தில் அதிகாரிகள், சார், சீருடைப் பெண்கள். எல்லாருக்கும் முன்னால் ஆத்மநாதன், வெள்ளைச் சட்டையில். அவர்களுக்கு எதிரே கம்பளம் பச்சையாக, சமமாக, புல்வெளிபோல விரிந்து கிடந்தது.

கம்ப்ரசர் சத்தத்துக்கு அடியில் அவளுக்கு மட்டும் இன்னொரு சத்தம் கேட்டது. தட்டு. கொஞ்சம் தள்ளி ஒரு தட்டு. தொட்டியின் அந்தக் கோடியிலிருந்து, கம்பளத்துக்குக் கீழே, வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தது.

"கால வைக்காதீங்க!" என்று கத்தினாள். "அங்க பலகை இல்ல! வைஷ்ணவி, நில்லு!"

எல்லாரும் திரும்பினார்கள். சார் தலையைக் குனிந்துகொண்டார். ஆத்மநாதன் அதிகாரிகளைப் பார்த்து, பாவம் என்பதுபோல உதட்டைச் சுழித்தார்.

"பலகை இல்லையா? ஏம்மா, நீங்க பாத்தீங்களா?" அவர் கம்பளத்தில் இறங்கினார். தட்டவில்லை. அவர் அந்தப் பலகைகள் மேல் நடந்து பழகியவர் இல்லை. எது எந்த இடம் என்றுகூட அவருக்குத் தெரியாது. வேகமாக, செருப்புக் காலோடு நடந்தார். "இங்க இல்லையா? இங்க இல்லையா? எங்க இல்ல, சொல்லுங்க?"

சுவரோரமாக, அடிபட்ட தூணுக்கு நேரே. மகளைத் தூக்கிய அன்று ஓடி வந்த செவந்திக்கு இன்னாசி காட்டிய இடம். அதன் மேல் போய் நின்றார்.

செவந்தி கண்ணை மூடவில்லை. விழட்டும் என்று நினைத்தாள். முழு மனதோடு நினைத்தாள்.

அவர் விழவில்லை.

"பாருங்க. நானே நிக்கிறேன்ல?" குதித்தும் காட்டினார். "ஒங்க பொண்ணு கவனிக்கலம்மா. அம்புட்டுதான்."

தட்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

அவள் சுவரோரமாகப் போய் மண்டியிட்டாள். கம்பளத்தின் விளிம்பு அங்கேதான் முடிந்தது. விரலால் பற்றித் தூக்கினாள். சாக்கு நழுவிக் கிடந்தது. கறுப்புத் தண்ணீர். அதிலிருந்து மேலே வந்த இரண்டு மணிக்கட்டுகள். விரிந்த இரண்டு உள்ளங்கைகள். நீலம். விரல் முட்டிகளில் தோல் இல்லை. கம்பளத்துக்கு அடியில், அவர் செருப்பு நிற்கும் இடத்தில், அவை தாங்கிக்கொண்டிருந்தன. கனத்தில் நடுங்கின.

இன்னும் வேலை வாங்குகிறார்கள்.

"கைய எடு ஆத்தா." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "விட்டுரு. அவன விட்டுரு. கைய எடுத்துரு."

கைகள் அசைந்தன. ஒரு விரல் மடங்கியது. பிறகு நிமிர்ந்து முன்போலவே விரிந்தது.

"வாங்க, வாங்க. போட்டோவுக்கு இங்க நில்லுங்க" என்றார் ஆத்மநாதன், அங்கிருந்து நகர்ந்துகொண்டே.

பெண்கள் இறங்கினார்கள். வைஷ்ணவி முதலில் வந்தாள். குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். கீழிருந்து கெட்டியாக ஒரு தட்டு திரும்பி வந்தது. அவள் காலை வைத்தாள். உள்ளங்கைகள் கொஞ்சம் தாழ்ந்து, மறுபடி உயர்ந்தன. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

செவந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இனி விட்டுவிடு என்று சொல்ல முடியாது.

அந்த இடத்துக்கு இன்னும் பலகை போடவில்லை.